இருபத்தொரு கிலோ

பார்சல் அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் தராசு. பொட்டலத்தைக் கையில் வாங்கும்போதே "மூணு கிலோ நானூறு" என்பாள். மேடையில் வைத்தால் எந்திரம் மூன்று கிலோ முந்நூற்றுத் தொண்ணூறு காட்டும். "மெஷின்லதான் ஏதோ கோளாறு, அக்காகிட்ட காட்டிச் சரி பண்ணுங்கப்பா" என்று மேலாளர் சிரிப்பார். பத்தொன்பது வருடமாக அதே ஜோக். அவளும் பத்தொன்பது வருடமாக உதட்டை மட்டும் அசைத்துச் சிரித்து வைக்கிறாள்.

அந்தக் கைக்கு அலுத்துப்போன எடை ஒன்று உண்டு. இருபத்தொரு கிலோ. அதுவும் டாங்க் காலியாக இருக்கும்போது. பெட்ரோல் நிரப்பினால் இருபத்து நாலைத் தொட்டுவிடும். மேலே ஒரு கைப்பிடி, பக்கத்தில் இழுக்கிற கயிறு, சிவப்பு ஓடு. யாரோ பயணம் கிளம்பிய அவசரத்தில் விட்டுப்போன சூட்கேஸ் மாதிரி இருக்கும். இன்வெர்ட்டர் ஜெனரேட்டர். "சாதா ஜெனரேட்டர் கரண்ட் மேலயும் கீழயும் குதிக்கும்மா, ஆஸ்பத்திரி மெஷினுக்கெல்லாம் இதுதான் தாங்கும்" என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டு வாங்கியது. வாங்கி மூன்று வருடம் ஆகிறது.

அந்த ஆஸ்பத்திரி மெஷின் முன்னறையில், கட்டிலை ஒட்டி நிற்கிறது. அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக அவள் கணவர் மூக்குக்கு அனுப்பும். அவர் இருபத்தெட்டு வருடம் தரைக்கல்லுக்கு மெருகு போட்டவர். ஊரார் வீட்டுத் தரையெல்லாம் முகம் பார்க்கிற மாதிரி பளபளத்தது. அந்தத் தூளெல்லாம் இவர் நெஞ்சுக்குள் போய்க் குடியேறியது. இப்போது மூன்று சொல்லுக்கு ஒருமுறை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். அதையும் கிண்டலாக்கிவிடுவார். "முன்னெல்லாம் நான்... வாயாடின்னு சொல்லுவே... இப்பக் குறைச்சுட்டேன் பாரு."

அந்தப் பகுதியில் கரண்ட் போனால் மூன்று மணி நேரம், சில நாள் நான்கு. கட்டிலுக்கடியில் இருக்கிற சின்ன சிலிண்டர் ஒன்றரை மணி நேரம்தான் தாங்கும். மிச்ச நேரத்துக்கு ஜெனரேட்டர்தான் கதி.

வீடு முதல் மாடி. புகை நஞ்சு, வீட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாது, பால்கனியிலும் ஆகாது. கீழே மாடிப்படியை ஒட்டிய சந்தில் வைத்து, புகைக்குழாயைத் தெருப்பக்கம் திருப்பி, நீள வயரை ஜன்னல் வழியாக மேலே ஏற்ற வேண்டும். கீழேயே விட்டுவைக்கலாமே என்றால், எதிர் வரிசையில் ஒருவர் அப்படித்தான் விட்டுவைத்தார். ஒரு காலையில் ஜெனரேட்டரையும் காணோம், அதைக் கட்டியிருந்த சங்கிலியையும் காணோம். ஆகவே கரண்ட் போனால் பதினேழு படி இறக்கம், வந்தால் பதினேழு படி ஏற்றம்.

கரண்ட் போகாத வாரத்திலும் அவளுக்கு விடுதலை இல்லை. சும்மா கிடந்தால் பெட்ரோல் பிசுபிசுத்துப்போய் கார்புரேட்டரை அடைத்துக்கொள்ளும். முதல் வருடம் அது தெரியாமல் ஒரு மத்தியானம் கயிற்றை நாற்பது தடவை இழுத்து, உள்ளங்கை தோல் உரிந்து, கடைசியில் படியில் உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து சனிக்கிழமைதோறும் கீழே இறக்கி, இஸ்திரிப் பெட்டியைச் சொருகிக் கால் மணி நேரம் ஓட்டுவாள். சும்மா ஓட்டுவானேன் என்று அந்த வாரத்துத் துணியை அங்கேயே நின்று தேய்த்துவிடுவாள். எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கரி எடுப்பாள். எண்ணெய் மாற்றும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்திருந்தாள். "அக்கா, நீங்க என் பொழைப்புல மண்ணள்ளிப் போடுறீங்க" என்றார் தெருமுனை மெக்கானிக். பாராட்டாகத்தான் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்ததால் பாராட்டு ஏறவில்லை.

கீழ்வீட்டுத் தையற்காரருக்கு இந்தச் சத்தம் ஆகாது. ஆனால் ஓடுகிற நேரத்தில் தன் செல்போனையும் அதில் சொருகிவிட்டுப் போவார். "உங்க வீட்டு யானை பிளிறுதுன்னா சரி, என் போனுக்குச் சாப்பாடு" என்பார்.

தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்தபோது அதை அவள் நான்கு மாதம் கண்டுகொள்ளவில்லை. படுத்தால் உள்ளே போய்விடும், நின்றால் எட்டிப் பார்க்கும். வலி கூடிய பிறகுதான் டாக்டரிடம் போனாள்.

"குடலிறக்கம். கனமா எதையாவது தூக்குவீங்களா?"

"இருபத்தொரு கிலோ."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "அவ்வளவு கரெக்டா சொல்றீங்க?"

"சில நாள் இருபத்து நாலு."

ஆபரேஷன்தான் வழி என்றார். ஆஸ்பத்திரியில் மூன்று நாள். அதன் பிறகு ஆறு வாரம் மூன்று கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. தூக்கினால் தையல் பிரியும், மறுபடி முதலிலிருந்து. அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கணவரிடமும், போனில் நாத்தனாரிடமும், அதில் முதல் பாதியை மட்டும் சொன்னாள். மூன்று நாள்.

பிள்ளைகள் இல்லாத வீடு. கூப்பிட இருந்தது நாத்தனார் ஒருவர்தான், கணவரின் அக்கா. பெண்கள் விடுதியில் முப்பத்தோரு வருடம் வார்டனாக இருந்தவர். ஓய்வு பெற்ற அன்றே "இனிமே நான் எவளுக்கும் வார்டன் இல்ல" என்று அறிவித்துவிட்டு, ஒற்றை அறை வீடு பிடித்து, எட்டு மணிக்கு மேல் எழுந்திருக்கிற சுகத்தை அனுபவித்துக்கொண்டிருக்கிறவர். மூன்று நாளைக்கு அவரைக் கூப்பிடலாம். ஆறு வாரத்துக்கு எந்த வாயை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? மூன்று நாள் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். பிறகு என்ன பார்ப்பது என்று யோசிக்கிற தெம்பு அவளிடம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவதுதான், வேறென்ன.

நாத்தனார் ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பே வந்தார். ஒரு பை, இரண்டு மாற்றுத்துணி, கிளிப் போட்ட அட்டை ஒன்று.

"எழுதிக் குடு. எழுதினதை அப்படியே செய்வேன். எழுதாததைச் செய்ய மாட்டேன். விடுதியில முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் ஓட்டினேன், ஒருத்தி சுவரேறிக் குதிச்சதில்ல."

"ரெண்டு பேர்... குதிச்சாங்களே... அக்கா" என்றார் தம்பி கட்டிலிலிருந்து.

"அது லீவு நாள். அதுக்குக் கணக்கில்ல. நீ மூச்சைப் பார்."

அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினாள். சிலிண்டருக்கு மாற்றுவதில் தொடங்கி, எண்ணெய் அளவு பார்ப்பது, சோக்கை இழுப்பது, கயிற்றை முதலில் மெதுவாகவும் பிறகு விசையாகவும் இழுப்பது, எஞ்சின் சீரானதும் சோக்கை உள்ளே தள்ளுவது, மூன்று நிமிடம் பொறுத்து வயரைச் சொருகுவது என்று பதினைந்து வரி வந்தது. படியில் தூக்கும் தொல்லை இருக்கக் கூடாதென்று, அந்த மூன்று நாளும் ஜெனரேட்டர் கீழேயே சந்தில் இருக்கட்டும், நான் ஒரு கண் வைத்துக்கொள்கிறேன் என்று தையற்காரர் ஒத்துக்கொண்டார். "மூணு நாள்தானே?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

பிறகு ஒத்திகை. நாத்தனார் மூக்குக் கண்ணாடியும் அட்டையுமாகச் சந்தில் நின்று ஒவ்வொரு வரியையும் உரக்கப் படித்தார். அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "வயர் அங்க இருக்கு பாருங்க, அதை எடுங்க அண்ணி" என்று பேசிக்கொண்டே அங்கே இங்கே கை வைத்துச் சரி செய்தாள். மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. நாத்தனார் முகத்தில் இருபது வயது குறைந்தது.

"அட, இதுக்குத்தானா நீ இத்தனை நாளா மூக்கால அழுதே?"

"நான் எங்க அண்ணி அழுதேன்?"

"அழலைன்னா சொல்லிருக்கலாமில்ல. வந்து இழுத்திருப்பேன்."

 எஞ்சினை நிறுத்தி, எல்லாவற்றையும் மூடித் துடைத்து வைத்தாள். பெட்ரோல் வாசனை மேலே போனால் அவருக்கு இருமல் வரும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அன்று சாயங்காலம் நாத்தனார் போன் செய்து, தானே தனியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்ததாகவும், பத்து நிமிடம் மணியாக ஓடியதாகவும், டாங்க்கை விளிம்புவரை நிரப்பி வைத்துவிட்டதாகவும் சொன்னார். "நீ உன் வயித்தைப் பார். இங்க எல்லாம் ஒழுங்கா நடக்குது. உன் புருஷன்தான் ஒழுங்கில்ல, மாத்திரையை ஒளிச்சு வைக்கிறான்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வார்டில் மின்விசிறிகள் நின்றன.

அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் சுரீரென்று இழுத்தது. எழுந்த பிறகுதான் எங்கே இருக்கிறோம் என்பது புரிந்தது. அதற்குள் தூரத்தில் எங்கோ கனமாக ஓர் உறுமல் கேட்டு, விளக்குகள் எரிந்து, மின்விசிறிகள் ஒவ்வொன்றாகச் சுற்றத் தொடங்கின. வார்டில் வேறு யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை.

நர்ஸ் ஓடிவந்தாள். "யாரும்மா உங்களை எழுந்திரிக்கச் சொன்னது? தையல் என்னாகும்?"

"கரண்ட் போச்சே."

"போனா என்ன? ஜெனரேட்டர் இருக்குல்ல. படுங்க."

"அதுக்கு யாரு எண்ணெய் மாத்துவாங்க?"

நர்ஸ் ஒரு நொடி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லையோ என்று நினைத்திருக்கலாம். "எனக்கெப்படித் தெரியும்? யாராவது மாத்துவாங்க" என்று தலையணையைச் சரி செய்துவிட்டுப் போனாள்.

யாராவது. அவள் அந்தச் சொல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

போன் அடித்தது. நாத்தனார். "இங்கயும் போச்சு. சிலிண்டர் மாத்தி, கீழ போய், ரெண்டாவது இழுப்புல பிடிச்சிருச்சு. இப்ப மெஷின்ல இருக்கான். சொல்லிரலாம்னுதான்."

"சரிங்க அண்ணி" என்றாள். கண் தானாக மூடிக்கொண்டது.

இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடி போன். இந்த முறை வார்டன் குரல் இல்லை.

"நின்னு போச்சும்மா. நல்லா ஓடிட்டிருந்தது, திடீர்னு ரெண்டு தடவை விக்கின மாதிரி விக்கி நின்னுருச்சு. அவனைச் சிலிண்டர்ல போட்டுட்டேன். காட்டுற முள்ளு பாதிக்கும் மேலதான் இருக்கு. ஆனா எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரம் இருக்கு. பதறாதீங்க. பெட்ரோல்?"

"நிறைய இருக்கு."

"எண்ணெய்?"

"பார்த்துட்டேன். நாலாவது வரி. சோக் உள்ள தள்ளிருக்கு, ஒன்பதாவது வரி. எல்லா வரிக்கும் டிக் போட்டுருக்கேன்."

"ஒரு தரம் இழுங்க. போனைப் பக்கத்துல வெச்சு இழுங்க, நான் கேக்கிறேன்."

கயிறு சீறியது. எஞ்சின் பிடித்தது, அரை நிமிடம் ஓடியது, தொண்டையை யாரோ நெரித்த மாதிரி முனகி அடங்கியது. தையற்காரர் குரல் கேட்டது. "மெக்கானிக்கைக் கூப்பிடலாமாம்மா?" மெக்கானிக் கடை அன்று விடுமுறை என்று இன்னொரு குரல். மேலே ஜன்னலிலிருந்து கணவர் இருமுவதும் கேட்டது. அல்லது கேட்டதாக அவளுக்குத் தோன்றியது.

பிடிக்கிறது, ஆனால் நிற்கிறது. அப்படியென்றால் பிளக் நன்றாக இருக்கிறது. பெட்ரோல் புதுசு. பத்து நிமிட ஒத்திகையில் ஓடியிருக்கிறது. பதினைந்து வரியையும் மனதில் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே ஓட்டினாள். ஓட்டையே தெரியவில்லை. மூன்று வருடத்தில் தன்னிடம் இப்படி ஒரு நாளும் நின்றதில்லை. அப்படியானால் தான் செய்கிற எதையோ அண்ணி செய்யவில்லை. ஆனால் காகிதத்தில் இருப்பதையெல்லாம் அண்ணி செய்திருக்கிறார். அந்த மனுஷி ஒரு புள்ளிகூட விட மாட்டார்.

"அண்ணி, லைன்லயே இருங்க. ஒரு நிமிஷம் பேசாதீங்க."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கண்ணை மூடினாள். சந்தில் குந்தி உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் போர்வைக்கு வெளியே எடுத்தாள். வலது கை வயரைத் தள்ளி வைத்தது. புகைக்குழாயைத் தெருப்பக்கம் திருப்பியது. இடது கை கைப்பிடியை அழுத்திப் பிடிக்கப் போனது. போகிற வழியில், அவள் சொல்லாமலே, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காற்றில் எதையோ ஒரு சின்னத் திருகு திருகின.

அவள் கண்ணைத் திறந்து தன் விரல்களைப் பார்த்தாள்.

"அண்ணி! டாங்க் மூடி. மூடி நடுவுல சின்னதா ஒரு குமிழ் இருக்கா?"

"மூடியைத் திறக்கவா?"

"மூடியைத் திறக்காதீங்க. அதுமேல இருக்கிற குமிழை மட்டும் ஒரு திருகு திருகுங்க. அது காத்துத் துளை. மூடியிருந்தா கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் டாங்க்குக்குள்ள காத்து இல்லாம பெட்ரோல் இறங்காது."

 "உஸ்ஸுன்னுது" என்றார் நாத்தனார். "பெருமூச்சு விட்ட மாதிரி."

"இப்ப இழுங்க."

எஞ்சின் பிடித்தது. அரை நிமிடம் ஆயிற்று. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் எண்ணிக்கொண்டே கிடந்தாள். மூன்றாவது நிமிடம் நாத்தனார் வயரைச் சொருகிய சத்தம், படியேறும் செருப்புச் சத்தம், பிறகு முன்னறை மெஷின் தன் வழக்கமான தாளத்தில் புஸ் புஸ் என்று மூச்சு விடுகிற சத்தம்.

மூன்று வருடமாக வாசனை மேலே வரக் கூடாதென்று ஓட்டம் முடிந்ததும் அதை மூடுவதும், ஓட்டுமுன் திறப்பதும் அவள் விரல்கள் செய்த வேலை. அவளுக்கே அது தெரியாது. ஒத்திகையன்றும் பேச்சோடு பேச்சாகத் திறந்திருக்கிறாள், துடைத்து வைக்கும்போது மூடியிருக்கிறாள். பத்து நிமிட ஓட்டத்தில் எப்படித் தெரியும்? கூடவே டாங்க்கையும் விளிம்புவரை நிரப்பியாயிற்று. உள்ளே மிச்சக் காற்றுக்கும் இடமில்லை.

"இது காகிதத்துல இல்ல" என்றார் நாத்தனார். குரலில் வார்டன் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"இல்ல அண்ணி. என் தப்புதான்."

"உன் தப்புதான். பதினாறாவதா எழுதிட்டேன். சிவப்புல. இரு, உன் ஆள் பேசணுமாம்."

மூச்சு. பிறகு, "தராசு..." என்றார் அவர். அலுவலகத்துப் பெயரை வீட்டில் அவர் சொன்னதே இல்லை. "பயந்துட்டியா?... நான் பயப்படல... அக்காதான் பயந்துச்சு."

"பொய் சொல்றான்" என்றது பின்னாலிருந்து குரல். போன் கை மாறியது. "சரி, நீ படு. நாளைக்கு மத்தியானம் அனுப்புறாங்கதானே? நான் நாளன்னைக்குக் காலைல கிளம்பிக்கிறேன். அதுக்குள்ள தையற்காரரை விட்டு இந்த யானையை மேல ஏத்திரலாமா, இல்ல நீயே வந்து..."

"அண்ணி."

"என்ன?"

வயிற்றுத் தையல் மூச்சுக்கு மூச்சு இழுத்தது. மேலே மின்விசிறி, யாரோ ஒருவர் எண்ணெய் மாற்றுகிற ஜெனரேட்டரின் கரண்டில், எந்தக் கவலையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டது வந்தே விட்டது. வீட்டுக்குப் போனதும் தூக்க வேண்டும். தூக்கினால் பிரியும். பிரிந்தால் மறுபடி இங்கே. அப்போது யார் இழுப்பது?

"மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் அண்ணி. அதுக்கப்புறம் ஆறு வாரம் நான் எதையும் தூக்கக் கூடாதாம். டாக்டர் முன்னாடியே சொன்னாரு."

போனில் அட்டையின் கிளிப் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. 

"அதையும் நீ காகிதத்துல எழுதல" என்றார் நாத்தனார்.

"எழுதல."

"ரெண்டு மாத்துத்துணிதான் கொண்டுவந்திருக்கேன்."

"தெரியும் அண்ணி."

"ஆறு வாரம்னா நாப்பத்திரண்டு நாள்." ஏதோ கிறுக்கும் சத்தம். "கீழ இருக்கிற அந்தத் தையல்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். மூணு நாள்தானேன்னு மூணு நாளா பாடிட்டு இருக்கான். காலைல எட்டு மணிக்கு மேலதான் எழுந்திரிப்பேன், அதை இப்பவே சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி கரண்ட் போனா எழுப்புங்க, ஆனா திட்டுவேன். அப்புறம் என்ன? எண்ணெய் மாத்தணும்னு காலண்டர்ல வட்டம் போட்டுருக்கே, பன்னண்டாம் தேதி. அது எப்படின்னு நாளைக்கு வந்து சொல்லு. இப்ப வேணாம்."

"அது ஒண்ணுமில்ல அண்ணி, எஞ்சின் சூடா இருக்கும்போதே வடிச்சிரணும், ஆறவிட்டா..."

"நாளைக்குன்னு சொன்னேனில்ல."

போன் அணைந்துவிட்டது. அவள் அதை மார்பின் மேலேயே வைத்துக்கொண்டாள். நூற்றெண்பது கிராம். ஆறவிட்டால் அடிமண்டி உள்ளேயே தங்கிவிடும் என்று மிச்சத்தை மனதுக்குள் சொல்லி முடிப்பதற்குள் தூங்கிப்போனாள். நர்ஸ் வந்து போனை எடுத்து மேசைமேல் வைத்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை.